கணிதப் பேராசிரியரும் மதிப்பெண்ணும்: மாணவர் கேள்விகளுக்குப் பதில்

வடசென்னையில் அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் பல ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். கணிதப் பேராசிரியர்கள் பாடம் நடத்தும் விதம் பற்றியும் விடைத்தாள் திருத்தும் விதம் பற்றியும் இப்பகுதி மாணவர்களும் பெற்றோரும் கேட்டவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கல்லூரிப் பெயர்களையும் ஆசிரியர் பெயர்களையும் நீக்கிவிட்டேன்.

கேள்வி: பிளஸ் டூ கணிதத்தில் 98 வாங்கினேன். பி.எஸ்சி. முதல் இன்டர்னல் தேர்வில் 50-க்கு 14. ஒரு கணக்குக்கு விடை சரி, ஆனாலும் பேராசிரியர் பூஜ்யம் போட்டுவிட்டு, "காரணம் எங்கே?" என்று மட்டும் கேட்டார். இது நியாயமா ஐயா? (முதலாமாண்டு மாணவர், தண்டையார்பேட்டை)

பதில்: நீங்கள் அனுப்பிய விடைத்தாள் படத்தைப் பார்த்தேன். 1 + 1/4 + 1/9 + 1/16 என்று முடிவின்றிச் செல்லும் தொடர் குவியுமா, அதாவது கூட்டிக்கொண்டே போனால் கூடுதல் ஒரு குறிப்பிட்ட எண்ணை நெருங்குமா என்பது கேள்வி. "உறுப்புகள் சிறுத்துச் சிறுத்துப் பூஜ்யத்தை நெருங்குகின்றன, ஆகவே தொடர் குவியும்" என்று எழுதியிருக்கிறீர்கள். தொடர் குவிவது உண்மை. ஆனால், அதே காரணத்தை 1 + 1/2 + 1/3 + 1/4 என்று செல்லும் தொடருக்குச் சொல்லிப் பாருங்கள். அங்கும் உறுப்புகள் பூஜ்யத்தைத்தான் நெருங்குகின்றன. ஆயினும் 1/3, 1/4 ஆகியவற்றின் கூடுதல் 1/2-ஐ விடப் பெரியது. அடுத்த நான்கு உறுப்புகளின் கூடுதலும் 1/2-ஐ விடப் பெரியது. அதற்கடுத்த எட்டும் அப்படியே. இப்படி அரை அரையாகச் சேர்ந்துகொண்டே போனால் கூடுதல் எந்த எல்லையிலும் நிற்காது. ஆகவே நீங்கள் சொன்ன காரணம் பொய்யான ஒன்றையும் மெய்யென்று காட்டிவிடும். அதற்கு நானும் மதிப்பெண் கொடுத்திருக்க மாட்டேன்.

சரியான காரணம் நீளமானதன்று. 1/4 என்பது 1 − 1/2 என்பதைவிடச் சிறியது. 1/9 என்பது 1/2 − 1/3 என்பதைவிடச் சிறியது. 1/16 என்பது 1/3 − 1/4 என்பதைவிடச் சிறியது. இவற்றைக் கூட்டினால் இடையில் உள்ளவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, முதல் உறுப்பான 1-ஐயும் சேர்த்து மொத்தம் 2-ஐத் தாண்டாது. உறுப்புகள் எல்லாம் மிகை எண்கள், கூடுதல் ஏறிக்கொண்டே போனாலும் 2-க்குள் அடங்குகிறது, ஆகவே குவிகிறது. மூன்று நான்கு வரிக்கு மேல் இல்லை.

பள்ளியில் உங்களை யாரும் இந்தக் கேள்வி கேட்டதில்லை. பிளஸ் டூ எழுத்துத் தேர்வின் 90 மதிப்பெண்ணில் 20, நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்கே போய்விடுகிறது. மீதியில் பெரும்பகுதி புத்தகப் பயிற்சிக் கணக்குகளைச் செய்து பழகியவருக்குக் கைவந்துவிடும். கல்லூரியில் விடையைவிட, அந்த விடைக்கு வந்து சேர்ந்த வழிக்குத்தான் மதிப்பெண். உங்கள் பேராசிரியர்மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. "காரணம் எங்கே?" என்று கேட்டதோடு நிறுத்தாமல், ஓரத்தில் "1/2, 1/3 தொடருக்கும் இதையே சொல்வீர்களா?" என்று ஒரு வரி எழுதியிருந்தால், அந்தத் தாளே உங்களுக்கு ஒரு வகுப்பாக இருந்திருக்கும்.

கேள்வி: தமிழ் வழியில் படித்து வந்தவன் நான். பேராசிரியர் கரும்பலகையைப் பார்த்தபடியே ஆங்கிலத்தில் நடத்திக்கொண்டு போகிறார். எப்சிலான், டெல்டா வந்த நாள்முதல் ஒன்றும் புரியவில்லை. (இரண்டாமாண்டு மாணவர், வியாசர்பாடி)

பதில்: உங்களுக்குத் தடையாக இருப்பது ஆங்கிலம் மட்டுமே என்று நான் நினைக்கவில்லை, ஆங்கில வழியில் படித்து வந்தவர்களும் இதே இடத்தில்தான் விழுகிறார்கள். "ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாய் உண்டு" என்பதும் "ஒரு தாய் உண்டு, அவளே எல்லாப் பிள்ளைகளுக்கும் தாய்" என்பதும் ஒன்றாகுமா? எப்சிலான் என்பது சார்பின் மதிப்பு எவ்வளவு விலகலாம் என்ற அளவு; அதற்குள் அடங்க x எவ்வளவு விலகலாம் என்பது டெல்டா. ஒரு சார்பு தொடர்ச்சியானது என்று சொல்லும்போது எப்சிலானுக்கு ஏற்பவும், எடுத்துக்கொண்ட புள்ளிக்கு ஏற்பவும் டெல்டா மாறலாம். சீரான தொடர்ச்சி என்னும்போது ஒரு எப்சிலானுக்குக் கிடைத்த டெல்டா எல்லாப் புள்ளிகளுக்கும் பொருந்தியாக வேண்டும். யார் முதலில், யார் பின்னர் என்ற வரிசையில்தான் வேறுபாடு முழுவதும் அடங்கியிருக்கிறது. வரையறையைத் தமிழில் உங்கள் கைப்பட எழுதி, எது எதைச் சார்ந்தது என்று அம்புக்குறி போட்டுப் பாருங்கள். வகுப்பு முடிந்ததும் அந்தத் தாளோடு பேராசிரியரிடம் போய் நில்லுங்கள். பலகையைப் பார்த்தே பாடம் நடத்துகிறவர்களில் பலர் எதிரே நின்று கேட்கிற மாணவருக்கு மிகப் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். கூச்சம் மாணவர்களுக்கு மட்டுமே உரியதன்று.

கேள்வி: துணைப்பாடமாகக் கணிதம் படிக்கிறோம். எங்கள் பேராசிரியர் அசைன்மென்ட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் எல்லோருக்கும் முழு மதிப்பெண் போடுகிறார். எங்களுக்கு நல்லதுதானே? (இயற்பியல் மாணவி, திருவொற்றியூர்)

பதில்: செமஸ்டர் தேர்வு வரையில் நல்லதுதான். 75 மதிப்பெண் தாளைத் திருத்தப்போகிறவர் அவர் அல்லர்.

கேள்வி: எனக்கு இன்டர்னலில் 25-க்கு 9. முன் பெஞ்சில் இருப்பவர்களுக்கு 20-க்கு மேல். திருத்திய தாளை எங்களுக்குக் காட்டுவதே இல்லை. கேட்டால் அடுத்த முறை இன்னும் குறைத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. (மாணவி, கொருக்குப்பேட்டை)

பதில்: முதலில் கணக்கைப் பார்ப்போம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைவுக் கல்லூரிகளில் இளநிலைத் தாள் ஒன்றுக்கு அகமதிப்பீடு 25, எழுத்துத் தேர்வு 75 என்ற முறையில், எழுத்துத் தேர்வில் 30-ம் மொத்தத்தில் 40-ம் எடுத்தால் தேர்ச்சி. உங்களிடம் 9 இருப்பதால் எழுத்துத் தேர்வில் 31 தேவை. அதாவது, எல்லோரும் எடுத்தாக வேண்டிய 30-ஐவிட ஒன்று அதிகம். தேர்ச்சிக்கு ஆபத்து என்று கலங்க வேண்டியதில்லை; முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற நிலைக்குத்தான் இழப்பு. தேர்வைத் தானே நடத்தும் தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் அதன் கையேட்டில் உள்ள விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாளைக் காட்டாமல் இருப்பதை என்னால் நியாயப்படுத்த முடியாது. கறாராகத் திருத்துகிறவரை நான் மதிக்கிறேன். தாராளமாகப் போடுகிறவர்மீதும் எனக்குப் பகை இல்லை. திருத்திய தாளைப் பெட்டியில் பூட்டி வைக்கிறவர் பாதி வேலையைத்தான் செய்கிறார். ஐந்தாறு பேராகச் சேர்ந்து போய், "எங்கே தவறு என்று தெரிந்தால் திருத்திக்கொள்வோம் ஐயா" என்று கேளுங்கள். தனியாகப் போக வேண்டாம். பயன் இல்லையென்றால் துறைத்தலைவரிடம் எழுத்தில் கொடுங்கள். அதற்கும் மேலே, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி கல்லூரியில் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். மதிப்பீட்டில் வெளிப்படைத்தன்மை இல்லாததும் அக்குழுவிடம் கொண்டுபோகத்தக்க குறையே. மனுவில் தேதி, தாளின் பெயர், பெற்ற மதிப்பெண் ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். முன் பெஞ்சுக்காரர்களைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். அதை எழுதியவுடன் மனு பொறாமையாகப் படிக்கப்படும்.

கேள்வி: என் மகனுக்கு இரண்டு கணிதத் தாள்களில் அரியர். "உனக்குக் கணக்கு வராது" என்று வகுப்பிலேயே சொல்லிவிட்டாராம். டியூஷன் சேர்க்கலாமா? (ஒரு தாய், காசிமேடு)

பதில்: அம்மா, அந்தச் சொல் மதிப்பீடு ஆகாது, ஆசிரியர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. டியூஷனில் சேர்ப்பதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, தெரிந்த ஒரு தேற்றத்தை மகன் எழுதட்டும். முதல் வரியிலேயே நின்றுவிட்டால் வரையறை தெரியவில்லை என்று பொருள். அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம், எழுதி எழுதிப் படித்தால் வந்துவிடும். பாதியில் நின்றால்தான் சொல்லித் தர ஆள் வேண்டும். 'முக்கியக் கேள்விகள்' என்று ஒரு தாளை நீட்டும் இடத்தில் மட்டும் சேர்க்காதீர்கள்.

கேள்வி: நம் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த இராமானுஜனே கல்லூரித் தேர்வில் தோற்றவர்தானே? அப்படியானால் பேராசிரியர் போடும் மதிப்பெண்ணுக்கு என்ன பொருள்? (மாணவர், இராயபுரம்)

பதில்: அவர் தோற்றது கணிதத்தில் அன்று, மற்றப் பாடங்களைக் கவனிக்காமல் விட்டதால் கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்தார், பிறகு பச்சையப்பன் கல்லூரியில் படித்தும், பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1912 மார்ச்சில் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குத் தம் முடிவுகளை எழுதி அனுப்பினார். அவற்றைக் கண்டு வியந்த ஹார்டி, பதில் கடிதத்தில் வற்புறுத்திக் கேட்டது நிரூபணங்களைத்தான். இராமானுஜனிடமே கேட்கப்பட்ட கேள்வியை உங்கள் பேராசிரியர் உங்களிடம் கேட்பதில் என்ன குற்றம்? உங்கள் இராயபுரத்திலேயே இராமானுஜன் அருங்காட்சியகம் இருக்கிறது, போய் வாருங்கள்.

கேள்வி: நன்றாக எழுதிய தாளில் 75-க்கு 26 வந்திருக்கிறது. மறுமதிப்பீடு, மறுகூட்டல், இரண்டில் எதற்கு விண்ணப்பிப்பது? (மூன்றாமாண்டு மாணவர், எண்ணூர்)

பதில்: முதலில் விடைத்தாளின் நகலை வாங்குங்கள். எந்தப் பக்கமாவது திருத்தப்படாமல் இருக்கிறதா, உள்ளே போட்ட மதிப்பெண் எல்லாம் முகப்புக்கு வந்திருக்கிறதா, கேள்வி எண்ணை மாற்றி எழுதிவிட்டீர்களா என்று பாருங்கள். கூட்டல் பிழை மட்டும் என்றால் மறுகூட்டல் போதும். கணக்கின் ஒவ்வொரு படிக்கும் தர வேண்டிய படிநிலை மதிப்பெண் விடுபட்டிருந்தால் மறுமதிப்பீடு. நகலை உங்கள் பேராசிரியரிடம் காட்டி, அவர் கணக்கில் எவ்வளவு வரும் என்று கேளுங்கள். 30 தேறாது என்று அவரே சொன்னால் பணத்தை மிச்சப்படுத்துங்கள். விண்ணப்பித்தாலும், அடுத்த பருவத்துக்கான அரியர் கட்டணத்தைக் கட்டாமல் இருந்துவிடாதீர்கள். மறுமதிப்பீட்டு முடிவு அந்தக் கடைசி நாளுக்குப் பிறகு வருவதும் உண்டு.