2 மடங்கு மேக்ரோவில் எஃப் 16 வைத்தும் கெரெங்கா எறும்பு (இலைகளை இணைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பு) மங்கலாக வருவது

எஃப் எண் லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறுக்கும். எஃப் 5.6-க்குத் திறந்து எடுங்கள். 2 மடங்கு உருப்பெருக்கத்தில் (சென்சாரில் உருவம் நிஜ அளவைப்போல் இரு மடங்கு) 16 என்பது மும்மடங்காகி 48 போல் வேலை செய்கிறது. அவ்வளவு சின்னத் துளையில் ஒளி விளிம்பில் வளைந்து, படமே மாவு பூசினாற்போல் ஆகிவிடும். ஃபோகஸ்மேல் பழி போடாதீர்கள்.

சந்தேகமென்றால் கேமராவை அசையாமல் வைத்து, 2 வெள்ளி நோட்டின் மெல்லிய கோடுகளை 5.6, 16 இரண்டிலும் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சில கேமராக்கள் பெருகிய எண்ணையே திரையில் காட்டும். அவற்றில் திரையில் 16 என்று இருந்தால் சரிதான்.

5.6-இல் கூர்மையின் ஆழம் சுமார் கால் மில்லிமீட்டர்தான். பக்கவாட்டில் உடலுக்கு இணையாகப் பிடித்து, கண்ணில் ஃபோகஸ் வையுங்கள்.

கால்களையும் எண்ணிவிடுங்கள்: 8 இருந்து, முன்னிரண்டை உணர்கொம்பாக ஆட்டினால் அது கெரெங்கா வேடமிட்ட தாவும் சிலந்தி. முன்பக்கம் பெரிய கண்கள் இரண்டு தெரியும்.