கிளம்பும்போது "வீட்டுக்குப் போகணும்" என்று அழுகிறார்: பதில்

அக்கா, மறதிநோயோடு ஜெலுத்தோங் பராமரிப்பு ஹோமில் இருக்கும் உங்கள் கணவர், மாலை 6.30க்கு நீங்கள் கிளம்பும்போது கையை விடாமல் அழுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் நேரத்தை மாற்றுங்கள். மறதிநோயில் பலருக்குப் பொழுது சாயும்போதுதான் பதற்றம் கூடும். காலை 11 மணிக்குப் போய், மதியச் சாப்பாட்டுத் தட்டு அவர் முன்னால் வந்ததும் எழுந்துவிடுங்கள். கைப்பையை முன்கூட்டியே மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) கொடுத்து வையுங்கள். அதைத் தோளில் மாட்டினாலே அவருக்குப் புரிந்துவிடும். "போய்ட்டு வரேன்" எல்லாம் வேண்டாம்.

"இதுதான் இனி வீடு" என்று வாதாடாதீர்கள். வீட்டில் என்ன வேலை என்று கேளுங்கள், பேச்சு திரும்பும். சில சமயம் டாய்லெட் அவசரமோ வலியோதான் "வீட்டுக்குப் போகணும்" என்று வெளிப்படும்.

ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால், நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புது மாத்திரை, இந்த மூன்றில் ஏதாவது காரணமா என்று அன்றே பார்க்கும்படி டாக்டரிடம் சொல்லுங்கள்.