மாட்டுத் தோலுக்குக் காடழிப்புச் சான்றிதழ் வாங்க வேண்டுமா?

கேள்வி: பேரணாம்பட்டில் சிறிய ஃபினிஷிங் யூனிட் வைத்திருக்கிறேன். மாட்டுத் தோல், ஆட்டுத் தோல் இரண்டையும் கிரஸ்ட்டாக (பதனிட்டு உலர்த்திய, இறுதி மெருகு ஏறாத தோலாக) வாங்கி, ஃபினிஷ் செய்து இத்தாலிக்கு அனுப்புகிறோம். காட்டை அழித்த நிலத்தில் வளர்ந்த மாடு இல்லை என்று நிரூபிக்கச் சொல்லி பையர் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார். சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒருவர் பெரிய தொகை கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடுப்புச் சட்டம் (எண் 2023/1115) அப்படி ஒரு சான்றிதழைக் கேட்கவே இல்லை. சரக்கை அங்கே இறக்கும் உங்கள் பையர்தான் ஆன்லைனில் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். அதை நிரப்பத் தேவையான தகவலைத்தான் உங்களிடம் கேட்கிறார். தோல் பதனிடும் ஆலைகளுக்கான எல்.டபிள்யூ.ஜி. (லெதர் ஒர்க்கிங் குரூப்) தணிக்கை முடித்திருந்தாலும் அது இதற்கு ஈடாகாது.

முதலில் உங்கள் இன்வாய்ஸை எடுத்து எச்.எஸ். குறியீட்டை (சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்தும் எண்ணை) பாருங்கள். 4101, 4104, 4107-இல் வரும் மாட்டுத் தோல் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. ஆட்டுத் தோல் (4106, 4113) இல்லை. தோல் ஷூ, ஷூ அப்பர், கைப்பை எதுவும் இல்லை. ஆகவே ஆட்டுத் தோல் சரக்குக்குப் படிவமே தேவையில்லை. குறியீட்டைக் குறிப்பிட்டு பையருக்கு ஒரு மெயில் போட்டால் போதும்.

மாட்டுத் தோலுக்கு வருவோம். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழிக்கப்பட்ட நிலத்தில் அந்த மாடு வளர்ந்திருக்கக் கூடாது. அது வளர்ந்த இடங்கள் அத்தனைக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும், அதுவும் ஆறு தசம இலக்கத்தில். வேலூர்க் கோட்டையை 12.92, 79.13 என்று எழுதினால் ஒரு கிலோமீட்டர் வரை தள்ளிப் போகலாம். அந்த மாதிரி எழுதினால் ஏற்க மாட்டார்கள். இந்தியாவைக் குறைந்த அபாய நாடு என்று 2025 மே மாதம் வகைப்படுத்தினார்கள். அதனால் பையருக்கு அபாய மதிப்பீட்டு வேலை மிச்சம், ஆனால் இடத் தகவலுக்கு விலக்கு இல்லை.

நம் ஊர் நடைமுறையில் இடிப்பது இங்கேதான். செவ்வாய்க்கிழமை வேலூர் பக்கத்துப் பொய்கை மாட்டுச் சந்தையில் கைமாறும் மாடு, அறுப்புக்குப் போவதற்குள் இன்னும் இரண்டு மூன்று பேர் கைக்குப் போய்விடும். முதலில் வளர்த்தவர் எந்த ஊர் என்று தோல் மண்டிக்காரருக்கே தெரியாது. காதில் பன்னிரண்டு இலக்க டேக் இருந்தாலும், தோல் உரிக்கும்போது அது காதோடு போய்விடும்.

ஆனால் பலர் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது. 2023 ஜூன் 29-க்கு முன் உற்பத்தியானவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. மாட்டுக்கு அது பிறந்த தேதிதான் கணக்கு என்று ஐரோப்பிய ஆணையமே விளக்கம் கொடுத்திருக்கிறது. நம் பக்கம் அறுப்புக்கு வருவது பெரும்பாலும் வயதான மாடு. தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைத் தாண்டியது, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாதது என்றோ, காயம், ஊனம், தீராத நோயால் நிரந்தரமாக அவற்றுக்கு உதவாமல் போனது என்றோ உரிய அதிகாரி சான்று தந்த பிறகே அறுக்க முடியும். 2027-இல் அறுத்த மாட்டுக்குப் பத்து வயது என்றால், அது 2017-இலோ அதற்கு முன்போ பிறந்திருக்கும். வயதைச் சொல்லும் அந்தச் சான்றின் நகல் தோலோடு சேர்ந்து உங்கள் கைக்கு வந்தால் படிவத்தின் பெரும்பகுதி தீர்ந்தது. வாய்ச்சொல்லாக “கிழட்டு மாடு சார்” என்றால் செல்லாது. எந்த லாட், எந்த அறுப்புக்கூடம், எந்தத் தேதி என்று காகிதம் பேச வேண்டும். அடுத்த பர்ச்சேஸ் ஆர்டரிலேயே, நகல் வராத லாட்டுக்குப் பணம் கிடையாது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சப்ளையர் முனகுவார்தான்.

அப்புறம், கலக்காதீர்கள். பத்துத் தோலில் ஒன்பதுக்குக் கணக்கு இருக்கிறது என்பதை இந்தச் சட்டம் ஏற்காது. ஊர்பேர் தெரியாத தோல் ஒன்று கலந்தாலும் முழு லாட்டும் சந்தேகத்துக்கு உள்ளாகும். லாட் எண்ணைத் தோலின் பின்பக்கம் முத்திரையிட்டு, ஸ்ப்ரே, பிளேட்டிங் என்று எந்த வேலைக்குப் போனாலும் அந்த எண்ணோடு நோட்டில் ஏற்றுங்கள். ஜாப் ஒர்க்குக்கு வெளியே அனுப்பும்போதுதான் மாறிப் போகிறது, டெலிவரி சலானிலும் அந்த எண் இருக்கட்டும். காகிதம் இல்லாத தோலை இத்தாலி ஆர்டரில் சேர்க்காமல் உள்ளூர் ஷூ கம்பெனிகளுக்குக் கொடுத்துவிடலாம். மேலே சொன்னபடி ஷூ பட்டியலில் இல்லை.

இறக்குமதி வெட் ப்ளூவிலும் (குரோமில் பதனிட்ட ஈரத் தோலிலும்) உஷார். 2025 பட்ஜெட்டில் அதன் சுங்க வரி நீங்கியதால் பலரும் வாங்குகிறார்கள். பிரேசில் மாட்டின் தோலைப் பேரணாம்பட்டில் ஃபினிஷ் செய்தாலும் இந்தச் சட்டத்துக்கு அது பிரேசில் மாடுதான். பிரேசிலோ குறைந்த அபாயப் பட்டியலில் இல்லை.

காலக்கெடு: 2025 டிசம்பர் திருத்தத்தின்படி பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30, சிறியவற்றுக்கு 2027 ஜூன் 30. சிறியது என்ற சலுகை உங்கள் யூனிட்டின் அளவைப் பார்த்து வருவதல்ல, பையரின் அளவைப் பார்த்து. அவர் எந்த வகை என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வையுங்கள். ஆவணங்களை அவர் ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

தோலைப் பட்டியலிலிருந்தே எடுக்கச் சொல்லி ஐரோப்பியத் தோல் தொழில் அமைப்புகளும் கேட்டுவருகின்றன. எனவே டிரேசபிலிட்டி (தோல் வந்த வழியைத் தடம் காணும்) சாஃப்ட்வேர், வருடச் சந்தா என்று யாராவது வந்தால் இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள். உங்கள் அளவு யூனிட்டுக்கு லாட் நோட்டும் ஒரு கோப்பும் தாராளம்.