கைக்குழந்தையோடு விடுதிக்குப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கைக்குழந்தை அழும் என்று சொல்லி விடுதிகளில் தங்களைச் சேர்க்கவில்லை என்று பலர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். பாசிக்குடாவில் பல வருடம் ரிசப்ஷனில் வேலை செய்துவிட்டு, இப்போது கல்லடியில் சில அறைகளை வாடகைக்கு விடுகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஏறாவூரில் இருந்து ஒரு தாய்: ஐந்து மாதக் குழந்தையோடு பாசிக்குடா போனோம். முற்பணம் வங்கியில் போட்டுவிட்டுத்தான் போனோம். வாசலில் வைத்து "இங்கே சின்னப் பிள்ளைகளை எடுக்கிறதில்லை" என்றார்கள். காசையும் திருப்பித் தரவில்லை. இதற்குச் சட்டம் இல்லையா?

இருக்கிறது தங்கச்சி, ஆனால் பலர் தேடுகிற இடத்தில் இல்லை. நமது இலங்கை அரசியலமைப்பின் 12(3) உறுப்புரை ஹோட்டல் என்று பெயர் சொல்லியே, இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாக யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. அந்த வரிசையில் வயது இல்லை. ஆகவே 'பெரியவர்களுக்கு மட்டும்' என்று ஒரு விடுதி விதி வைத்தால், இந்த உறுப்புரையை மட்டும் பிடித்துக்கொண்டு அதை மறிக்க முடியாது.

உங்கள் பிடி அந்தக் காசில்தான் இருக்கிறது. வாங்கும்போது இந்த விதியைச் சொன்னார்களா? சொல்லாமல் வாங்கிவிட்டு வாசலில் வைத்துச் சொன்னால் அது அநியாயம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தள்ளிப் போடாதீர்கள். அவர்களுடைய 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடித்தால் எப்படி எழுதுவது என்று கேட்கலாம். வங்கிச் சிட்டையையும் வட்ஸ்அப்பில் பேசியதையும் அழிக்காமல் வைத்திருங்கள். இன்னொன்றும் செய்யுங்கள். "குழந்தை இருப்பதால் அறை தர மறுத்தீர்கள், முற்பணத்தைத் தாருங்கள்" என்று அவர்களுக்கே ஒரு மெசேஜ் போடுங்கள். அவர்கள் என்ன பதில் போட்டாலும் அது உங்களுக்குச் சாட்சி.

கல்முனையில் இருந்து ஒருவர்: மற்ற விருந்தினர்களும் காசு கொடுத்துத்தானே வருகிறார்கள்? அவர்களுக்கு நித்திரை வேண்டாமா?

வேண்டும். அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் அந்த நித்திரையைக் காப்பாற்றுவது விடுதிக்காரர் வேலை, தாயின் வேலை இல்லை. நம் பக்கத்து விடுதிகள் பலவற்றில் நீள விறாந்தை, இரண்டு பக்கமும் அறை, கீழே டைல்ஸ், மேலே கொங்கிறீட். கதவுக்கு அடியில் ஒரு விரல் நுழையும். அங்கே இருமினாலே மூன்றாம் அறைக்குக் கேட்கும். குழந்தையை மட்டும் குற்றம் சொல்லி என்ன செய்வது? இரவு ஒரு மணிக்குப் பாட்டுப் போடுகிற கூட்டத்தை "சார், கொஞ்சம் குறையுங்கள்" என்று கெஞ்சுகிற அதே ஆட்கள், கைக்குழந்தைக்காரரிடம் மட்டும் சட்டம் பேசுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அது எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான்.

அறுகம்பையில் விடுதி நடத்துகிற ஒரு தம்பி: சர்ஃபிங் ஆட்கள் விடிய முன்னமே எழும்பிக் கடலுக்குப் போகிறவர்கள். ஒரு குழந்தை அழுதால் நாலு பேர் முறைப்பாடு. மோசமாக ரிவியூ எழுதுகிறார்கள். நான் என்ன செய்ய?

அறையைப் பிரித்து வையுங்கள் தம்பி. விறாந்தையின் கடைசி அறை, தனிக் கபானா, சமையலறைப் பக்கத்து அறை, இதில் ஏதாவது ஒன்றைக் குடும்பங்களுக்கென்று வையுங்கள். கதவின் அடியில் ரப்பர் பட்டி ஒட்ட அதிகம் செலவாகாது. வளையில் ஏணை கட்ட நல்ல கொளுக்கி ஒன்று போட்டு, பாரம் தாங்குமா என்று நீங்களே தொங்கிப் பாருங்கள். ஏணையில் போட்டால் எத்தனை பிள்ளைகள் அந்த நிமிடமே அடங்கும் என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும்.

வெளிநாட்டு ஆட்கள் சீசன் முடிய, ஒக்டோபரோடு போய்விடுவார்கள். அதற்குப் பிறகு உங்கள் அறைக்கு வருகிறது யார்? அம்பாறை, மட்டக்களப்புக் குடும்பங்கள்தான். வேலியில்லாத நீச்சல் தடாகம் இருந்து, அதனால் சின்னப் பிள்ளைகளை எடுக்கப் பயம் என்றால் அது நியாயமான காரணம். அப்படியென்றால் விளம்பரத்திலேயே போடுங்கள், போன் எடுத்தவுடனும் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்றில் இருந்து: புக் பண்ணும்போது குழந்தையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் லேசில்லையா?

இல்லை. வயதோடு சொல்லுங்கள், மெசேஜில் சொல்லுங்கள்.

செங்கலடியில் இருந்து ஒரு தகப்பன்: வீட்டில் நன்றாகத் தூங்குகிற மகள், விடுதிக்குப் போனால் விடியும் வரை அழுகிறாள். ஏன்?

முதலில் சூட்டைப் பாருங்கள். நம் பக்கத்தில் சீசன் நேரம் கச்சான் என்கிற சூடான காற்று வீசுகிற நேரமும்தான். பகல் முழுக்க வெயிலில் கிடந்த கூரை இரவில்தான் சூட்டை இறக்கும். கழுத்து மடிப்பில் வேர்க்குரு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஏசி இருந்தால் காற்று நேரே கட்டிலில் விழும், அதுவும் பிள்ளைக்கு ஆகாது. கட்டிலை நகர்த்தி, ஏசியை 25, 26 பாகையில் வையுங்கள். வீட்டில் விரிக்கிற துணியைத் துவைக்காமல் அப்படியே கொண்டு போங்கள், பழகிய மணம் இருக்கும்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளை என்றால் வேறு கதை. பிறந்து இரண்டு கிழமையில் இருந்து அழுகை கூடிக்கொண்டே போய், ஆறாம் கிழமை அளவில் உச்சத்துக்கு வந்து, மூன்று நாலு மாதத்தில் தானாகக் குறையும். அது யாருடைய பிழையும் இல்லை. ஆனால் அந்த வயதுப் பிள்ளைக்கு 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் இருந்தால் அறையில் வைத்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். 1990க்கு அடித்தால் வருகிற அம்புலன்சுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பெயர், ஊர் குறிப்பிடாத ஒருவர்: தடிமனுக்குக் கொடுக்கும் பாணி மருந்தில் கொஞ்சம் கொடுத்தால் பிள்ளை தூங்கிவிடும் என்கிறார்களே?

கொடுக்கவே கொடுக்காதீர்கள். அந்த நித்திரை, மருந்தின் பக்க விளைவு. சின்னக் குழந்தைக்கு மூச்சையே பாதிக்கலாம். உங்கள் மருத்துவமாதுவிடம் கேட்டுப் பாருங்கள். பக்கத்து அறைக்காரர் ஓர் இரவு நித்திரை முழிக்கலாம், பரவாயில்லை.

காத்தான்குடியில் இருந்து ஒரு சகோதரி: குழந்தையைக் காரணம் சொல்லித் திருப்பினார்கள். எனக்குப் பின்னால் குழந்தையோடு வந்த வேறு குடும்பத்துக்கு அறை கிடைத்தது. என் உடுப்புத்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

நீங்கள் நினைப்பது சரியாக இருந்தால், அது மதம் பார்த்துத் தடுத்தது. நான் மேலே சொன்ன 12(3) உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். திகதி, நேரம், பேசியவர் பெயர், அந்தக் குடும்பம் உள்ளே போனதைப் பார்த்தவர் யார், எல்லாவற்றையும் இன்றைக்கே எழுதி வையுங்கள். பிறகு ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள், மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் கேளுங்கள். இதை அறை கிடைக்காத சின்னக் குறையாக எடுத்து விட்டுவிடாதீர்கள்.

வெள்ளவத்தையில் இருந்து: இரவு ரயிலில் வந்தால் விடியப்புறம் மட்டக்களப்பில் இறங்குவோம். அறை இரண்டு மணிக்குத்தான் என்கிறார்கள். குழந்தையோடு எங்கே இருப்பது?

முதல் நாளே பேசி, அரை நாள் காசு தருகிறோம் என்று கேளுங்கள். அறை சும்மா கிடந்தால் பலர் ஒத்துக்கொள்வார்கள். முடியாது என்றால், பால் கொடுக்க ஒரு மறைவான இடமும் சுடுதண்ணீரும் தருவார்களா என்று கேளுங்கள். அதற்கும் இல்லை என்கிற இடத்தில் புக் பண்ணாதீர்கள், வேறு இடம் பாருங்கள்.

வாழைச்சேனையில் இருந்து: நடுச்சாமத்தில் கதவைத் தட்டி, வெளியே போகச் சொன்னால்?

போகாதீர்கள். அறையை மாற்றித் தாருங்கள் என்று கேளுங்கள், முகாமையாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டாம், பிள்ளை இன்னும் பயப்படும். மிரட்டினால் பொலிசுக்கு, 119க்கு அடியுங்கள். விடிந்த பிறகு போவதாக இருந்தாலும், கட்டிய காசுக்குப் பில்லை வாங்கிக்கொண்டு போங்கள்.