சிங்கப்பூருக்குத் தனியாக – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கணவர் காலமாகிவிட்டார். சிங்கப்பூரைப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பெங்களூரில் இருக்கும் மகனோ, ‘லீவு கிடைக்கட்டும் அம்மா, எல்லோரும் போகலாம்’ என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறான். தனியாகப் போகிறேன் என்றால் தம்பிகள் இருவரும் ‘ஒற்றை ஆளாக எதற்கு, ஊரில் என்ன பேசுவார்கள்’ என்கிறார்கள். டூர் கூட்டத்தோடு கொடியைப் பார்த்து ஓட எனக்கு விருப்பமில்லை. என்னென்ன கவனிக்க வேண்டும்? எந்த மாதம் நல்லது? தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதை நினைத்தால் மட்டும் கூச்சமாக இருக்கிறது.

பெயர் வெளியிட வேண்டாம்.

வாசகி, கோபி

அன்புள்ள டீச்சர்,

தாராளமாகப் போய் வாருங்கள். தம்பிகளுக்குப் பதில் சொல்லும் வேலையை விசா கைக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

முதல் பயணத்துக்கு நல்ல ஊரைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். கோவையிலிருந்தே நேரடி விமானம் இருக்கிறது. சென்னையில் பெட்டியோடு அலைய வேண்டியதில்லை. அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. தனியாக நடக்கும் பெண்ணை யாரும் நின்று பார்ப்பதுமில்லை.

தனியாகப் போனால் ஆபத்து என்று நம்மவர்கள் சொல்வது திருடனையும் ஏமாற்றுக்காரனையும் மனதில் வைத்து. எனக்குத் தெரிந்தவரை சங்கடம் பெரும்பாலும் அற்ப விஷயங்களில்தான் வருகிறது. துணைக்கு ஆள் இருந்தால் உங்கள் போன் அணைந்துபோனாலும் அவர் போன் இருக்கும். உங்கள் அட்டை வேலை செய்யாவிட்டால் அவர் காசு கொடுப்பார். நீங்கள் கழிப்பறைக்குப் போனால் பெட்டிக்குக் காவல் நிற்பார். அந்த ஆள் இல்லை என்பதற்குத்தான் நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஆகவே எல்லாவற்றையும் போனுக்குள் வைக்காதீர்கள். ஹோட்டல் முகவரி, மகனின் எண், பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்களின் நகல், காப்பீட்டின் எண் எல்லாம் காகிதத்திலும் இருக்கட்டும். வங்கி அட்டை இரண்டு வேண்டும். ஒன்று கைப்பையில், ஒன்று பெட்டியில். நம் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் நிறுத்தியே வைக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலியிலோ கிளையிலோ சொல்லி, கிளம்பும் முன்பே அதைத் திறந்துவிடுங்கள். ஓடிபி வருவது இந்திய எண்ணுக்கு என்பதால், அங்கே புது சிம் வாங்கினாலும் பழைய சிம் ரோமிங்கோடு உயிருடன் இருக்க வேண்டும். கடையில் அட்டையைக் கொடுக்கும்போது இயந்திரம் ‘ரூபாயா, சிங்கப்பூர் டாலரா’ என்று கேட்டால் டாலரையே தொடுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதம் அவர்கள் வைத்ததுதான்.

பெட்டி, உதவியில்லாமல் நீங்களே படியேற்றக்கூடிய எடையில் இருக்கட்டும். பவர்பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக்கூடாது. கொப்பரையையாவது சரக்குப் பெட்டியில் போடலாம் என்று எண்ண வேண்டாம். தானே தீப்பற்றக்கூடிய பொருள் என்று விமான விதிகள் அதை வகைப்படுத்தியிருக்கின்றன. காங்கேயத்தில் களம் களமாகக் காயும் கொப்பரைக்கு இப்படி ஒரு குற்றப்பத்திரிகை! ஊத்துக்குளி நெய்யைக் கைப்பையில் வைத்தால் நூறு மில்லிக்கு மேல் விடமாட்டார்கள்.

கசகசா விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். சிங்கப்பூரில் அது தடை செய்யப்பட்ட பொருள். தனியாக யாரும் எடுத்துப் போகமாட்டார்கள், ஆனால் வீட்டில் அரைத்த குருமாப்பொடியில் அது இருக்கும். நீங்கள் கிளம்புவது தெரிந்ததும் பக்கத்து வீட்டிலிருந்தோ, சொந்தத்திலிருந்தோ ‘பேரன் அங்கேதான் இருக்கிறான், ஒரு சின்னப் பொட்டலம்’ என்று நிச்சயம் வருவார்கள். வாங்காதீர்கள். போதைப்பொருளுக்குத் தூக்குத்தண்டனை வரை கொடுக்கும் நாடு அது. பையில் இருப்பது என்னவென்று எனக்குத் தெரியாது என்பதை நிரூபிக்கும் பொறுப்பும் உங்கள் தலையில்தான் விழும். ‘எடை கூடிவிட்டது’ என்று சொல்லிவிடுங்கள். உறவும் கெடாது. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு அங்கே முன் அனுமதி வாங்க வேண்டும். மற்ற மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு, கடையில் கொடுத்த அட்டையிலிருந்து பிரிக்காமல் கொண்டுபோங்கள்.

காகித வேலைகள் அதிகமில்லை. பாஸ்போர்ட் அங்கே இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்ல வேண்டும். விசாவை அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாக வாங்குங்கள். போய் இறங்குவதற்கு முன் மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். குடிநுழைவுத் துறையின் தளத்தில் அது இலவசம். காசு கேட்கிற தளம் என்றால் வேறு யாரோ நடத்துவது. டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். நம்மவர்கள் பலருக்குக் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருக்கும், இனிஷியலை அங்கே எப்படி எழுதுவது என்பதை விமான நிறுவனத்திடம் கேட்டு எழுதுங்கள். அடுத்து துபாய் ஆசை இருந்தால் இதை இப்போதே சரிசெய்துகொள்வது நல்லது. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களுக்கு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

சாப்பாட்டுக்கு ஹாக்கர் சென்டருக்குப் போங்கள். பெரிய கூரையின் கீழ் வரிசையாகக் கடைகள், நடுவே பொது மேசைகள். பாதிப் பேர் தனியாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், முன்பின் தெரியாதவர்கள் ஒரே மேசையில். தனியாக வந்தவர் உணவு வாங்கப் போகும்போது இடத்தை யார் பிடித்து வைப்பது? அதற்கு அவர்களே வழி கண்டிருக்கிறார்கள். மேசையில் ஒரு சின்ன டிஷ்யூ பொட்டலத்தை வைத்துவிட்டுப் போவார்கள். திரும்பி வரும்வரை யாரும் அங்கே உட்காரமாட்டார்கள். நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போடுவதுதான், ஆனால் சண்டை வராது. சாப்பிட்டதும் தட்டை நீங்களே எடுத்துப்போய் உரிய இடத்தில் வைக்க வேண்டும், 2021 செப்டம்பரிலிருந்து வைக்காவிட்டால் நடவடிக்கை உண்டு. அங்கே கூச்சப்பட உங்களுக்கு நேரம் இருக்காது.

நவம்பர் முதல் ஜனவரி வரை மழை கூடுதல். தைப்பூசத்தை ஒட்டிப் போனால், சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோவிலுக்குக் காவடிகள் போவதைப் பார்க்கலாம். பழனிக்குப் பாதயாத்திரை போகும் நம் ஊர்க்காரர்களுக்கு அது அந்நியமாக இருக்காது. அந்த நாட்களில், சிராங்கூன் சாலை இருக்கும் லிட்டில் இந்தியா பகுதியில் அறை கிடைப்பது கடினம் என்பதால் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.