வாக்கு இயந்திரம்: வாதாடும் முன் கேட்க வேண்டியவை

தேர்தல் முடிந்தாலும் முடியாத சண்டை ஒன்று உண்டு. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை (ஈவிஎம்) நம்பலாமா, கூடாதா? இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். எந்தக் கட்சிக்கு லாபம் என்ற பேச்சை ஒதுக்கிவிட்டு, இயந்திரத்தையும் அதோடு வரும் காகிதங்களையும் மட்டும் வைத்துப் பதில் சொல்கிறோம்.

கேள்வி (மன்னார்குடி): ஈவிஎம்மை யாரும் ஹேக் செய்யலாம் என்கிறார் என் அண்ணன். இன்டர்நெட்டே இல்லாத பெட்டியை எப்படி ஹேக் செய்வது என்கிறேன் நான். இரண்டு வருஷமாக இதே பேச்சு. யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அதனால்தான் சண்டை ஓயவில்லை.

இணைப்பு இல்லை என்பதால் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு உள்ளே நுழைய முடியாது. அவ்வளவுதான் அதன் பொருள். கையில் எடுத்துத் திறப்பவரை அது தடுக்காது. 2010-இல் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மன், ராப் கோங்ரைப் ஆகிய கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்களின் குழு, அப்போது புழக்கத்தில் இருந்த ஓர் இந்திய இயந்திரத்தைத் திறந்து இரண்டு வழிகளைச் செய்து காட்டியது. முதல் வழி, முடிவு காட்டும் டிஸ்பிளே பலகையைக் கழற்றிவிட்டு, செல்போனிலிருந்து புளூடூத்தில் கட்டளை வாங்கும் போலிப் பலகையை வைப்பது. இரண்டாவது, வாக்குப்பதிவுக்கும் எண்ணிக்கைக்கும் நடுவில் நினைவகச் சிப்பின் மேல் ஒரு கிளிப்பை மாட்டி எண்களை மாற்றுவது. இரண்டுக்குமே இயந்திரம் கைக்கு வர வேண்டும். சீல், ஸ்ட்ராங் ரூம், கட்சி ஏஜெண்டுகளின் இரவுக் காவல் எல்லாம் அதற்காகத்தான். இப்போதுள்ள மூன்றாம் தலைமுறை எம்-3 இயந்திரத்தைத் திறக்க முயன்றால் அது செயலிழந்துவிடும் என்கிறது தேர்தல் ஆணையம்.

உங்கள் பக்கத்துக்கு வலுவான வாதம் வேறொன்று இருக்கிறது. இயந்திரத்தின் வேட்பாளர் பட்டியலில் அங்கீகரிக்கப்பட்ட தேசிய, மாநிலக் கட்சிகளின் வேட்பாளர்கள் முதலில் வருவார்கள். அடுத்து பதிவு பெற்ற மற்றக் கட்சிகள், கடைசியில் சுயேச்சைகள். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பெயர்கள் அகர வரிசையில். அதனால் ஒரே கட்சிக்கு ஒரு தொகுதியில் 2-ஆம் பொத்தான், பக்கத்துத் தொகுதியில் 4-ஆம் பொத்தான். பல மாதம் முன்பே தொழிற்சாலையில் நிரலை நிரந்தரமாகப் பதித்த ("எரித்த") சிப்புக்கு எந்தப் பொத்தான் யாருடையது என்று தெரிய வழியில்லை. போதாக்குறைக்கு எந்த இயந்திரம் எந்தத் தொகுதிக்கு, எந்தச் சாவடிக்கு என்று இரண்டு கட்டமாகக் கணினிக் குலுக்கலும் நடக்கிறது.

அண்ணனிடமும் ஒரு துருப்புச் சீட்டு உண்டு. போட்ட ஓட்டைக் காகிதச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் கருவி வந்த பிறகு, வேட்பாளர் பட்டியல் முடிவானதும் சின்னங்களை லேப்டாப் வழியே ஒரு ஏற்றும் கருவிக்கும், அதிலிருந்து விவிபேட்டுக்கும் ஏற்றுகிறார்கள். பொத்தான் பெட்டிக்கும் ஓட்டுகளைப் பதிந்து வைக்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் இடையில் கேபிளில் உட்கார்ந்திருப்பதும் அதே விவிபேட்தான். தொழிற்சாலைக்குத் தெரியாத வரிசை இந்த வழியாக உள்ளே வருகிறதே என்று கேட்டவர் முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி கண்ணன் கோபிநாதன். உள்ளே போவது வெறும் படக்கோப்பு என்பது ஆணையத்தின் பதில். அந்த ஏற்றும் கருவிகளையும் முடிவுக்குப் பின் 45 நாள் சீல் வைத்துக் காக்க வேண்டும் என்று 26.4.2024 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கேள்வியில் பொருள் இருந்ததால்தான் அந்த உத்தரவு வந்தது என்பது நம் கருத்து.

இனிமேல் "ஹேக்" என்ற சொல்லை இருவரும் விட்டுவிடுங்கள். எந்தப் பாகம், எந்தக் கட்டத்தில், யார் கையால், எத்தனை இயந்திரத்தில்? இந்த நான்குக்கும் விடை சொல்லிவிட்டு மேலே பேசுங்கள். அதையும் தாண்டி ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. மாற்றினால் நமக்குத் தெரியவருமா? அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

கேள்வி (பாளையங்கோட்டை): ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்தே ஐந்து விவிபேட் பெட்டிகளைத்தான் எண்ணுகிறார்கள். நான் கணக்கு டீச்சர். இது போதும் என்று பிள்ளைகளிடம் சொல்ல மனம் வரவில்லை.

பதில்: கணக்கையே போட்டுப் பார்த்துவிடலாம், டீச்சர். முதலில் நடைமுறை. பொத்தானை அழுத்தியதும் வரிசை எண், பெயர், சின்னம் அச்சான சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 வினாடி தெரிந்துவிட்டுப் பெட்டிக்குள் விழும். 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் 5 சாவடிகளைக் குலுக்கி எடுத்து, கம்பி வலை அடித்த தடுப்புக்குள் சீட்டுகளை வேட்பாளர்வாரியாகப் பிரித்து, 25 சீட்டுக்கு ஒரு கட்டாகக் கட்டி எண்ணுகிறார்கள். இயந்திரக் கணக்கும் சீட்டுக் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் சீட்டுக் கணக்குதான் செல்லும். தேர்தல் நடத்தை விதி 56டி அப்படித்தான் சொல்கிறது.

தொகுதியில் 300 சாவடி, அதில் 30-இல் தில்லுமுல்லு என்று வைத்துக்கொள்ளுங்கள். குலுக்கிய ஐந்தும் நல்ல இயந்திரமாகவே அமைந்துவிடும் வாய்ப்பு 270/300 × 269/299 × 268/298 × 267/297 × 266/296. பெருக்கினால் 0.588. அதாவது பிடிபடும் வாய்ப்பு 41%தான். மக்களவைத் தேர்தல் என்றால் தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்குள் 6 சட்டமன்றப் பகுதிகள், மொத்தம் 30 பெட்டி. ஆறிலும் இதே அளவு தில்லுமுல்லு என்றால் 0.588-ஐ ஆறு முறை பெருக்க வேண்டும். தப்பிக்கும் வாய்ப்பு 4%, பிடிபடும் வாய்ப்பு 96%. பரவலாகச் செய்த மோசடி இந்தச் சோதனையில் தப்பாது.

இப்போது 30-க்குப் பதில் 3 என்று போடுங்கள். சட்டமன்றத் தொகுதியில் பிடிபடும் வாய்ப்பு 5% அளவுக்கு விழுகிறது. மக்களவைத் தொகுதி முழுதுமாகப் பார்த்தாலும் 26%தான்.

மூன்று சாவடியில் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். ஒரு சாவடியில் 100 ஓட்டை ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குப் போட்டால் வித்தியாசம் 200 மாறும். மூன்று சாவடிக்கு 600. 2021 சட்டமன்றத் தேர்தலில் தியாகராய நகரில் வெற்றி வித்தியாசம் 137, மொடக்குறிச்சியில் 281. அங்கே தவறு நடந்தது என்பதல்ல. அவ்வளவு இறுக்கமான போட்டிகள் வரத்தான் செய்கின்றன என்பதற்கு உதாரணம்.

அதனால் "ஐந்து போதுமா" என்ற கேள்வியிலேயே ஒரு கோணல் இருக்கிறது. 50,000 ஓட்டில் ஜெயித்த இடத்துக்கும் 137 ஓட்டில் ஜெயித்த இடத்துக்கும் ஒரே ஐந்து என்பதுதான் தவறு. வித்தியாசம் குறையக் குறைய எண்ணும் பெட்டிகள் கூட வேண்டும்; மிக இறுக்கமான இடத்தில் எல்லாவற்றையும் எண்ண வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2017 முதல் காகித வாக்குகளை இந்த அடிப்படையில்தான் தணிக்கை செய்கிறது. எல்லாத் தொகுதியிலும் 100% எண்ணு என்ற கோரிக்கையை 2024-இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. வித்தியாசத்தைப் பொறுத்து எண்ணு என்பதற்கு அதைவிடப் பல மடங்கு குறைந்த வேலைதான் ஆகும். பிள்ளைகளிடம் இந்தப் பெருக்கலையே கொடுங்கள்.

கேள்வி (ஓசூர்): 2024 மக்களவைத் தேர்தல் முதல் கட்டத்தில் அன்று மாலை சுமார் 60% என்றார்கள். பதினோரு நாள் கழித்து 66.14% என்றார்கள். நடுவில் 6% ஓட்டு எங்கிருந்து வந்தது?

பதில்: அன்று மாலையில் சொன்னது சாவடிகளிலிருந்து சொல்லக் கேட்டுத் தொகுத்த உத்தேசக் கணக்கு. முடிவு நேரத்தில் வரிசையில் நிற்பவர்களுக்குக் கடைசி ஆளிலிருந்து தொடங்கி டோக்கன் கொடுத்து, அவர்கள் போட்டு முடிக்கும்வரை பதிவு நடக்கும். தொலைவிலுள்ள சாவடிக் குழு திரும்பி வர மறுநாளும் ஆகலாம். எண் ஏறுவதில் அதிசயம் இல்லை. ஆனால் இறுதிச் சதவீதத்தைச் சொல்ல ஏப்ரல் 30 வரை எடுத்துக்கொண்டதும், சதவீதத்தை மட்டும் சொல்லி ஓட்டு எண்ணிக்கையை மே 25 வரை தராததும் தவறுதான். சந்தேகத்துக்கு அவர்களே தீனி போட்டார்கள்.

நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது சதவீதத்தை அல்ல, படிவம் 17சி-ஐ. அன்றிரவே ஒவ்வொரு சாவடியிலும் எழுதப்படும் கணக்கு அது. பதிவு முடிந்ததும் அதிகாரி கட்டுப்பாட்டுக் கருவியில் 'குளோஸ்' பொத்தானை அழுத்துவார். அதன் பிறகு ஓர் ஓட்டுகூட ஏறாது. டிஸ்பிளேயில் மொத்த எண்ணிக்கை வரும். அது, ஓட்டளிக்க வருபவர்கள் கையெழுத்திடும் 17ஏ பதிவேட்டின் கடைசி வரிசை எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு ஓட்டளிக்க மறுத்தவர்கள், ரகசியத்தை மீறியதால் அனுமதிக்கப்படாதவர்கள் ஆகியோரைக் கழித்துக்கொள்ளுங்கள். பதிவு முடியும்போது அங்கிருக்கும் ஏஜெண்டுகளுக்கு, கேட்காவிட்டாலும் நகல் தந்தே ஆக வேண்டும்.

பூத் ஏஜெண்டாக உட்காரும் உறவினர் இருந்தால் இதைச் சொல்லிவையுங்கள். நகலில் கட்டுப்பாட்டுக் கருவியின் எண்ணும் காகித சீல் எண்களும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும். பசி, களைப்பு, கடைசி பஸ் என்று நகலை வாங்காமல் கிளம்பிவிட்டால் எண்ணும் நாளில் ஒப்பிட எதுவும் இருக்காது. பிறகு எவ்வளவு கத்தினாலும் பயனில்லை.

எண்ணிக்கை உண்மையாகவே இடிக்கும் இடமும் ஒன்று உண்டு. காலையில் ஏஜெண்டுகள் முன்னால் குறைந்தது 50 மாதிரி ஓட்டு போட்டு, முடிவு பார்த்து, 'கிளியர்' அழுத்தி அழிக்க வேண்டும். சீட்டுகளின் முதுகில் முத்திரை குத்திக் கறுப்பு உறையில் சீல் வைக்க வேண்டும். அவசரத்தில் அழிக்க மறந்தால் அந்த 50-ம் மேலே நிற்கும். அந்தக் கருவியை எண்ணும்போது தனியே வைத்துவிடுவார்கள். 2024 மக்களவைத் தேர்தல் நடைமுறைப்படி, வெற்றி வித்தியாசம் அதிலுள்ள மொத்த ஓட்டுக்குள் அடங்கிவிட்டால் விவிபேட் சீட்டை எண்ணினார்கள்.

கேள்வி (திருவாரூர்): ஹரியானா தேர்தலில் எண்ணும் நாளில் சில இயந்திரங்களில் பேட்டரி 99% காட்டியதாமே? நாள் முழுக்க ஓடிய இயந்திரம் அப்படிக் காட்டுமா?

பதில்: காட்டும். உள்ளே இருப்பது செல்போன் போல ரீசார்ஜ் செய்யும் பேட்டரி அல்ல, 7.5 வோல்ட் ஆல்கலைன் பவர்பேக். வோல்டேஜ் 7.4-க்கு மேல் இருக்கும்வரை டிஸ்பிளே 99% என்றே சொல்லும், கீழே இறங்கினால்தான் குறைத்துக் காட்டும் என்பது 2024-இல் ஆணையம் கொடுத்த விளக்கம். எத்தனை ஓட்டு பதிவானது, எவ்வளவு நேரம் ஆனில் இருந்தது என்பதைப் பொறுத்து இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். ஓட்டு இருப்பது பேட்டரியில் இல்லை, நினைவகத்தில். பேட்டரியைக் கழற்றினாலும் அழியாது. இயந்திரம் மாற்றப்பட்டதா என்று சந்தேகப்பட்டால் 17சி-இல் உள்ள கருவி எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும்.

கேள்வி (ஆம்பூர்): மும்பையில் ஓடிபி வந்தால் ஈவிஎம் திறக்கும் என்று செய்தி வந்ததே?

பதில்: 2024 ஜூனில், 48 ஓட்டில் முடிவான மும்பை வடமேற்குத் தொகுதியைப் பற்றி வந்த செய்தி அது. ஈவிஎம்முக்கு ஓடிபி கிடையாது. ராணுவத்தினர் போன்றோருக்கு மின்னணு வழியில் அனுப்பும் அஞ்சல் வாக்குகளை எண்ணும் கணினி அமைப்புக்குத்தான் ஓடிபி உண்டு. இரண்டையும் குழப்பிவிட்டார்கள், வெளியிட்ட பத்திரிகையே பிறகு திருத்தம் போட்டது. எண்ணும் அறைக்குள் ஒருவர் செல்போன் வைத்திருந்தது தனிப் புகார். அது நியாயமான புகார்தான், அதை இதோடு சேர்த்துப் பேசிக் கெடுக்க வேண்டாம்.

கேள்வி (தூத்துக்குடி): ஜெர்மனியே தூக்கிப் போட்டுவிட்டதே, நமக்கு ஏன்?

பதில்: ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் 3.3.2009 அன்று தீர்ப்பளித்தது. 2005 தேர்தலில் மோசடி நடந்ததாக அது சொல்லவில்லை. அந்தத் தேர்தலை ரத்து செய்யவும் இல்லை. தனி நிபுணத்துவம் இல்லாத சாதாரணக் குடிமகன், தன் ஓட்டு சரியாக எண்ணப்பட்டதா என்று பார்த்தறிய வழி வேண்டும் என்றது. அங்கிருந்த இயந்திரங்களில் காகிதச் சீட்டு இல்லை. "ஜெர்மனியில் ஹேக் செய்தார்கள்" என்பவரும் "அதற்கும் நமக்கும் சம்பந்தமில்லை" என்பவரும் தீர்ப்பைப் படிக்காதவர்கள். நமக்குச் சீட்டு இருக்கிறது. அதில் எத்தனையை எண்ணுகிறோம் என்பதில்தான் அந்தத் தீர்ப்பு நம்மைத் தொடுகிறது.

கேள்வி (ஸ்ரீரங்கம்): எழுத்தாளர் சுஜாதாதான் இதைக் கண்டுபிடித்தார் என்பது உண்மையா?

பதில்: தனியாளாக அல்ல. பெங்களூர் பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) நிறுவனத்தில் இதன் வடிவமைப்பையும் தயாரிப்பையும் கவனித்த பொறியாளர்களில் முக்கியமானவர் அவர். இன்னொரு பொதுத்துறை நிறுவனமான ஹைதராபாத் ஈசிஐஎல்லுக்கும் சமபங்கு உண்டு. 1982-இல் கேரளத்தின் பறவூரில் 50 சாவடிகளில் முதலில் பயன்படுத்தினார்கள். சட்டத்தில் இடமில்லை என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்க, சட்டத்தைத் திருத்திய பிறகே இயந்திரம் திரும்பி வந்தது.

கேள்வி (சாத்தூர்): தோற்ற வேட்பாளருக்குச் சந்தேகம் இருந்தால் நடைமுறையில் என்ன வழி?

பதில்: இரண்டாம், மூன்றாம் இடம் பிடித்தவர்கள், முடிவு வெளியான 7 நாளுக்குள் எழுத்துமூலம் கேட்கலாம். ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் 5% இயந்திரங்களின் எரித்த சிப்பை, தயாரித்த நிறுவனப் பொறியாளர்கள் சோதிப்பார்கள். எந்தச் சாவடி என்று வேட்பாளரே குறிப்பிடலாம். 2024-இல் ஒரு செட்டுக்கு (பொத்தான் பெட்டி, கட்டுப்பாட்டுக் கருவி, விவிபேட்) கட்டணம் 40,000 ரூபாய், அதன் மேல் 18% ஜிஎஸ்டி, ஆக 47,200. தில்லுமுல்லு தெரிந்தால் பணம் திரும்ப வரும். உங்கள் விருதுநகர் தொகுதியிலிருந்தும், வேலூரிலிருந்தும் அந்த ஆண்டு இப்படி மனுப் போட்டார்கள்.

முதலில் வகுத்த நடைமுறையில் பெரிய ஓட்டை இருந்தது. 1,400 ஓட்டு வரை மாதிரிப் பதிவு போட்டுப் பார்ப்பதையே சோதனை என்றார்கள். சிப்பில் இருப்பதைப் பார்ப்பது வேறு, புதிதாக ஓட்டுப் போட்டுப் பார்ப்பது வேறு. 2025 பிப்ரவரியில், பதிவான தரவை அழிக்கவோ மறுபடி ஏற்றவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஆணையத்திடம் சொன்னது. பிறகு நடைமுறை திருத்தப்பட்டது. இது தவிர, உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட 45 நாள் அவகாசம் உண்டு. சின்னம் ஏற்றும் கருவிகளின் சீலும் அந்த 45 நாளுக்குத்தான்.