தரவைக் கையாளும் எஸ்கியூஎல் தெரியும், நிரல் எழுதும் பைத்தான் தெரியும். 'பீப்பிள் ஸ்கில்ஸ் போதாது' என்கிறார்கள். இதற்கு ஏதாவது கோர்ஸ் உண்டா?

தரவுப் பகுப்பாய்வாளராக நான்கு ஆண்டுகள் பணிபுரிந்தும் குழுத் தலைவர் பொறுப்பு கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏறத்தாழ இதே சொற்களை என் ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்திலும் ஒருவர் எழுதியிருந்ததால், இந்தக் கேள்வியைக் கடந்துபோக என்னால் முடியவில்லை. கொடுத்த வேலையைக் குறித்த நாளில் முடிப்பவர், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கூட்டங்களை வேலைக்கு வந்த இடையூறாகப் பார்ப்பவர் என்று உங்களைக் கருதிக்கொள்கிறேன். தவறாக இருந்தால் பொறுத்தருளவும். நான் அப்படித்தான் இருந்தேன்.

நான் தண்டையார்பேட்டையில் வளர்ந்தவன். எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் மணிக்கணக்கில் வரிசைகட்டி நிற்பதைச் சிறு வயதிலிருந்தே பார்த்தவன். மாதவரம் பக்கத்தில் ஒரு சி.எஃப்.எஸ்., அதாவது துறைமுகத்தில் இறங்கிய கன்டெய்னர்கள் சுங்கச் சோதனைக்கும் பட்டுவாடாவுக்கும் வந்து தங்கும் நிலையம், எனக்கு வேலை கொடுத்தது. ஒரு வண்டி கேட்டுக்குள் நுழைந்து வெளியேற எவ்வளவு நேரமாகும் என்று முன்கூட்டிச் சொல்லும் மாடலைச் செய்யச் சொன்னார்கள். அந்தச் சாலை வரிசையையே நான் கரைத்துவிடப் போவதாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்தேன்.

மூன்று மாதத் தரவில் ஒரு விசித்திரம் தெரிந்தது. நண்பகல் தொடங்கி ஒன்றரை மணி வரை வண்டிகளே நுழையாதது போலவும், இரண்டு மணியை ஒட்டிச் சில நிமிடங்களில் முப்பது, நாற்பது வண்டிகள் ஒன்றாக நுழைந்தது போலவும் பதிவாகியிருந்தது. 'உணவு வேளையில் கேட் முடங்குகிறது' என்று சிவப்புப் பட்டை போட்டு, ஷிப்ட் எண்ணையும் குறிப்பிட்டு, மேலதிகாரிகள் கூட்டத்தில் காட்டினேன். யாருடைய பெயரையும் நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஷிப்டில் கேட் கிளார்க் ஒரே ஒருவர்தான். அன்று மாலையே அவரை அழைத்து, அவருடைய மகன் வயதுள்ளவர்கள் முன்னிலையில் ஏசினார்கள்.

நடந்தது வேறு. நண்பகலில்தான் வண்டிகள் அதிகம். கேட்டில் இருந்ததோ ஒரே கணினி, அதுவும் மெதுவானது. ஒவ்வொன்றாகப் பதிந்தால் வரிசை சாலைக்குப் போய்விடும் என்பதால், அவர் வண்டி எண்ணையும் நேரத்தையும் ஒரு நோட்டில் பென்சிலால் குறித்துக்கொண்டு வண்டிகளை உள்ளே அனுப்பிவிட்டு, கூட்டம் குறைந்ததும் மொத்தமாகத் தட்டச்சு செய்திருக்கிறார். தட்டச்சு செய்த நேரத்தையே நுழைந்த நேரமாக மென்பொருள் எடுத்துக்கொண்டது. என் மாடல் வண்டிகளின் போக்கைக் கற்கவில்லை; ஒரு மனிதர் நாற்காலியில் உட்காரும் நேரத்தைக் கற்றிருந்தது. இதில் எனக்கு இன்றும் உறுத்துவது ஒன்று உண்டு. உள்ளே கன்டெய்னர்களை அடுக்கும் யார்டில் கன்டெய்னரை இறக்கிய நேரம் கேட் நுழைவுக்கு முந்தியதாக இருந்த பதிவுகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றைப் 'பிழையான தரவு' என்று நானே நீக்கியிருந்தேன். உண்மை அங்கேதான் கிடந்தது.

அதன்பின் இரண்டு மாதங்கள் கேட்டிலும் யார்டிலும் எவரும் எனக்கு முகம் கொடுக்கவில்லை. தாமதத்துக்கான காரணத்தைப் பதியும் கட்டத்தில் எல்லாரும் 'இதர' என்று மட்டுமே நிரப்பத் தொடங்கினார்கள். எந்த விதியையும் மீறாமல் ஒரு பகுப்பாய்வாளரின் பிழைப்பைக் கெடுக்க இதைவிட எளிய வழி கிடையாது.

ஒரு மாலை அந்த கேட் கிளார்க்கிடம் நேரே போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "கம்ப்யூட்டராண்ட கேட்ட, என்னாண்ட கேட்டியா தம்பி?" என்று மட்டும் சொல்லிவிட்டு நோட்டை என் பக்கம் தள்ளினார். ஷிப்ட் முடிந்தபின் சில வாரங்கள் அங்கேயே அமர்ந்து அந்த நோட்டுகளில் இருந்த நேரங்களைக் கணினியில் ஏற்றினேன். அடுத்த கூட்டத்தில், சென்ற முறை நான் சொன்னது தவறு என்று தொடங்கினேன். அதற்குப் பரிசாக என் மதிப்பீட்டில் 'தன்னம்பிக்கை குறைவு' என்று எழுதினார்கள். ஆனால் அதன்பிறகு கேட்டிலிருந்து எனக்குத் தொலைபேசி வரத் தொடங்கியது: "இன்னிக்கு சிஸ்டம் ஸ்லோ தம்பி, டைம நம்பாத." எந்தச் சரிபார்ப்பு நிரலும் எனக்கு இதைச் சொன்னதில்லை.

'தரவு சரியாக இருந்தால் அதுவே பேசும், மற்றதெல்லாம் கூழைக்கும்பிடு' என்று கீழே எழுத வருபவர்கள் செம்மல்வைஸ் என்ற மருத்துவரை நினைத்துப் பார்க்கட்டும். வியன்னாவில் 1847-இல், மருத்துவர்கள் குளோரின் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று அவர் வைத்த விதியால், அவருடைய பிரிவில் ஏப்ரலில் சுமார் 18 சதவீதமாக இருந்த பிரசவ மரணம் ஓரிரு மாதங்களில் 2 சதவீத அளவுக்கு இறங்கியது. அதைவிடத் தெளிவான தரவு நம் யாருக்கும் கிடைக்கப்போவதில்லை. அவரோ முழு நூலாக எழுதியது 1861-இல்தான்; ஏற்க மறுத்தவர்களைப் பகிரங்கக் கடிதங்களில் கொலைகாரர்கள் என்றே ஏசினார். அவர் உயிரோடிருந்தவரை பெரும்பாலோர் ஏற்கவில்லை. தவறு முழுவதும் அவருடையது என்று நான் சொல்லவில்லை. எண்கள் தாமாகப் பேசவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

கோர்ஸ் பற்றிக் கேட்டீர்கள். அலுவலகச் செலவில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போனேன். கை குலுக்குவதும், ஆங்கில உச்சரிப்பும், உடல்மொழியும் சொல்லித்தந்தார்கள். வடசென்னைப் பிள்ளைகள் வாய் திறந்தாலே ரவுடித் தமிழ் என்று சிரிக்கும் ஊரில், 'கம்யூனிகேஷன்' என்றால் ஆங்கிலம் என்றே பொருள் கொள்ளப்படுகிறது. கேட் கிளார்க்கிடம் எப்படிப் பேசுவது என்பது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. பயிற்சியே வீண் என்பதல்ல என் வாதம், எனக்குத் தேவைப்பட்டது அங்கே இல்லை.

இப்போது வேறு நிறுவனத்தில் மூன்று இளைஞர்கள் என்னிடம் வேலை செய்கிறார்கள். உளவியலாளர் கேரி கிளைன் 2007-இல் 'ப்ரீமார்ட்டம்' என்று ஒரு முறையை எழுதினார்: வேலையைத் தொடங்கும் முன்பே அது தோற்றுவிட்டதாக வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று ஒவ்வொருவரும் தனித்தனியே எழுத வேண்டும். "நீங்கள் சொல்வது தவறு சார்" என்று நம் அலுவலகங்களில் எந்த இளையவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை; ஆனால் நடக்காத ஒரு தோல்விக்குக் காரணம் எழுதச் சொன்னால் தாராளமாக எழுதுகிறார்கள். முதல் முறை கிடைத்த தாள் ஒன்றில், 'சார் முதலிலேயே தம் கருத்தைச் சொல்லிவிட்டதால் நாங்கள் எவரும் பேசவில்லை' என்றிருந்தது. அன்றிலிருந்து கூட்டங்களில் கடைசியாகத்தான் பேசுகிறேன்; பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டிருப்பது இன்னும் எனக்குப் பழகவில்லை.